ஆடியில் திறக்காத ஃபோல்டர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். என்னோடு சேர்ந்து ஆபீஸ் நடத்துகிறவள் பக்கத்து ஊரான இலஞ்சியிலிருந்து வருகிறவள், அதனால் எனக்கு இலஞ்சிக்காரி. அவளுக்கும் கோபம் வரும், ஆனால் வேலை முடிந்து டீ குடித்த பிறகுதான் வரும். "மொதல்ல இத முடிப்போம், பொறவு சேந்து திட்டுவோம்" என்பாள். முடித்த பிறகு பார்த்தால் திட்ட வேண்டிய ஆள் வீட்டுக்குப் போயிருப்பார், எனக்கும் பாதி மறந்திருக்கும். பல வருஷமாக இப்படியே என் கோபத்தைப் பாழாக்கிக்கொண்டிருக்கிறாள்.

தென்காசியில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில், ஒரு போட்டோக் கடையின் மாடியில் எங்கள் சாஃப்ட்வேர் ஆபீஸ். ஆள் இரண்டு, மேசை மூன்று. மூன்றாவது மேசை யாருக்கு என்று வருகிறவர்கள் கேட்பார்கள். "வளர்ச்சிக்கு" என்பாள் இவள், முகத்தில் சிரிப்பே இல்லாமல். இப்போதைக்கு அந்த மேசையில் எங்கள் இருவரின் ஹெல்மெட்டும் சாப்பாட்டுப் பையும் வளர்ந்துகொண்டிருக்கின்றன.

கீழே கடை வைத்திருக்கும் அண்ணாச்சிதான் எங்களுக்குக் கட்டட ஓனர், பெரிய வாடிக்கையாளரும் அவரேதான். சீசன் வந்தால் குற்றாலத்தில் மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று நான்கு இடத்தில் ஸ்டால் போடுவார். நனையாத கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் ஆட்கள் அருவிக்குக் கீழேயே நிற்பார்கள். ஆளுக்கொரு செல்போன் இருக்கிற காலத்தில் இதற்கெல்லாம் யார் வருவார்கள் என்று எங்களிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். ஐந்தருவியில் தலையைக் கொடுத்துவிட்டு நிற்கும்போது செல்போன் பைக்குள் இருக்கும், பை கரையில் இருக்கும், பைக்குப் பக்கத்தில் குரங்கு இருக்கும். அண்ணாச்சியின் பிழைப்பு அப்படித்தான் ஓடுகிறது.

நான்கு ஸ்டாலிலும் தென்காசிக் கடையிலும் இடத்துக்கொரு கம்ப்யூட்டர் பெட்டி. ஐந்தையும் சேர்த்து ஒரே அலமாரி மாதிரிக் காட்டுகிற ஏற்பாட்டை நாங்கள் செய்து கொடுத்தோம். ஐந்தருவியில் எடுத்த படம் ஐந்தருவிப் பெட்டியில்தான் கிடக்கும், ஆனால் புலியருவி ஸ்டாலில் திரையைத் திறந்தாலும் லிஸ்டில் தெரியும். காலையில் ஓரிடத்தில் குளித்தவர் சாயங்காலம் ஊருக்குப் போகிற வழியில் வேறோரிடத்தில் பிரிண்ட் வாங்கிக்கொள்ளலாம். லிஸ்ட் கேட்டால் ஒரு பெட்டி மற்ற நான்கிடமும் "உன்னிடம் என்னென்ன இருக்கிறது" என்று விசாரிக்கும். வந்த பெயர்களைச் சேர்த்து, ஒவ்வொரு படமும் எவ்வளவு பெரிது, எப்போது எடுத்தது என்று மறுபடியும் தனித்தனியே விசாரித்து, புதியதை மேலே வைத்து அடுக்கி, அதற்குப் பிறகுதான் நமக்குக் காட்டும். பந்தியில் கடைசி இலைக்கும் சாம்பார் வந்த பிறகுதான் முதல் இலைக்காரர் கை வைக்கலாம் என்று சட்டம் போட்ட மாதிரி.

இதில் அண்ணாச்சி ஒரு நிபந்தனை வைத்திருந்தார். படங்களுக்கு மாதாமாதம் புது ஃபோல்டர் வேண்டும், ஆனால் அது தானாகத் திறக்கக் கூடாது, அவர் கையால்தான் திறக்க வேண்டும். தமிழ் மாதம் பிறக்கிற அன்று குளித்து, விபூதி பூசி, மாடிக்கு வருவார். மானிட்டரின் நெற்றியில் குங்குமம் வைப்பார். அவருக்கென்றே நான் செய்து வைத்த "புது மாதம்" பட்டனை மௌசால் அழுத்திவிட்டு, அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கார்த்திகையில், ஐயப்ப சாமிகள் குற்றாலத்துக்கு வருகிற சமயம் தொடங்கிய வழக்கம் இது. அன்று எங்களுக்கு அல்வா உண்டு என்பதால் நான் ஆட்சேபம் சொன்னதில்லை.

போன ஆடியில் சாரல் பிரமாதமாக இருந்தது. தென்காசியிலேயே வெயில் முகம் காட்டவில்லை. கடைத்தெருவெல்லாம் ஈரத் துண்டும் தலையில் எண்ணெயுமாக வெளியூர்க்காரர்கள். அப்படி ஒரு நாள் முற்பகலில் கீழேயிருந்து அண்ணாச்சியின் குரல் கேட்டது.

"ஏ தாயி! கீழ வாங்க! ஒரு எடத்துலயும் லிஸ்டு வரலங்காங்க!"

இறங்கிப் போனேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணாச்சியின் இரண்டு செல்போனும் மாறி மாறி அடித்தன. நான்கு ஸ்டாலிலும் இதே கதை, குளித்து முடித்தவர்கள் பிரிண்ட் கேட்டு நிற்கிறார்கள். கடைக்குள்ளே ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. வடகரைக்காரர்கள். முப்பது வயதிருக்கும் ஒரு பையன், ஒட்ட வெட்டிய முடியைப் பார்த்ததுமே ராணுவம் என்று தெரிந்தது. அவன் மனைவி, மடியில் இன்னும் பல் முளைக்காத ஒரு பெண் குழந்தை. அவன் அம்மா. சற்றுத் தள்ளி, நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அவன் அப்பா. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது நெல்லும் தென்னையும் பார்க்கிறார். அதையும் யூனிஃபார்மோடு பார்ப்பார் போல இருந்தது.

முதல் நாள் காலையில் குடும்பத்தோடு ஐந்தருவியில் குளித்திருக்கிறார்கள். கேமராக்காரர் ஒரு படம் எடுத்திருக்கிறார். பிரிண்ட் வாங்குவதற்குள் தண்ணீர் கூடி, போலீஸ் எல்லாரையும் வெளியேற்றிவிட, அந்த அவசரத்தில் டோக்கனும் வாங்காமல் வந்துவிட்டார்கள். இன்று சாயங்கால ரயிலில் பையன் கிளம்புகிறான்.

"அந்தக் கேமராக்காரத் தம்பி குட்டித் திரையில காட்டுனான்மா" என்றார் அந்த அம்மா, என் கையைப் பிடித்துக்கொண்டு. "இவுக சிரிச்சிருக்காக. பல்லு தெரிய சிரிச்சிருக்காக. எங்க கல்யாண போட்டோவுலகூட இவுக சிரிக்கல."

"போட்டோ என்ன பெரிய போட்டோ. ரயிலுக்கு நேரமாவுது" என்றார் ஏட்டையா. ரயிலுக்கு இன்னும் அரைப் பொழுது இருந்தது.

பையன் எழுந்து என் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான். "அக்கா, எம் பிள்ள பொறந்தப்ப நான் லீவு கெடைக்காம பாடர்ல கெடந்தேன். நேத்துதான் எல்லாரும் சேந்து ஒரு எடத்துல நின்னோம். அப்பா அவளத் தூக்கி வச்சிருந்தாரு. அவரு சிரிச்சு நானும் பாத்ததில்லக்கா. அந்தப் படம் மட்டும் எனக்கு வேணும்."

இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? உடனே செயலில் இறங்கினேன். அதாவது, ஐந்து பெட்டிகளையும் இணைக்கிற லைனைக் கொடுத்திருந்த கேபிள்காரனைப் போனில் கூப்பிட்டுக் கத்தினேன். குற்றாலத்தில் கேபிளில் குரங்கு ஊஞ்சல் ஆடுவது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. சாரல் நாளில் எந்தக் கோளாறு வந்தாலும் குரங்கின் தலையில்தான் முதலில் விழும். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "லைன் கண்ணாடி மாரி இருக்குக்கா, நீங்களே பாருங்க" என்றான். பார்த்தேன். கண்ணாடி மாதிரிதான் இருந்தது. அடுத்து கடைப் பெட்டியை அணைத்துப் போட்டேன். போட்டதும் நிலைமை இன்னும் மோசமானது. அதுவரை மெதுவாகச் சுற்றிய வட்டம் இப்போது அசையாமலே நின்றது.

அதற்குள் இலஞ்சிக்காரி படியிறங்கி வந்திருந்தாள். என்னையும் திரையையும் பார்த்தாள்.

"ஏட்டி, நீ கொஞ்சம் கைய எடு."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். கையை எடுத்தேன். அவள் பெட்டிப் பக்கமே போகவில்லை. செல்போனை எடுத்து நான்கு ஸ்டாலையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். "மௌச விட்டு எல்லாரும் கைய எடுங்க. நான் சொல்லுத வரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது. திட்டுனா திட்டு வாங்கிக்கிடுங்க" என்று அதே வாக்கியத்தை நான்கு முறை, அதே நிதானத்தில் சொன்னாள். லிஸ்ட் வரவில்லை என்றால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? மறுபடி அழுத்துவார்கள். மறுபடி, மறுபடி. ஒவ்வொரு அழுத்தலும் ஐந்து பெட்டிகளுக்கும் முதலிலிருந்து ஒரு முழு விசாரணை. முந்தைய கேள்விக்கே பதில் சொல்லி முடிக்காத பெட்டிகள் மேல் அடுத்தடுத்த கேள்விகள் ஏறிக்கொண்டிருந்தன. நான் அணைத்துப் போட்டதில், காத்திருந்த அத்தனையும் ஒரே நேரத்தில் திரும்பக் கேட்க ஆரம்பித்திருந்தன. அவள் இதை யாருக்கும் விளக்கவில்லை. சும்மா உட்கார்ந்து குழந்தையின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். பெட்டிகளின் மூச்சு இறங்கட்டும் என்று காத்திருக்கிறாள் என்பது எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

பிறகு ஒவ்வொரு பெட்டியிடமும் தனியாக, மற்றவற்றைச் சேர்க்காமல், "உன் படம் உன்னிடம் இருக்கிறதா" என்று கேட்டாள். ஐந்தும் இருக்கிறது என்றன. அடுத்து, சேர்ந்த அலமாரியில் வைகாசி மாத ஃபோல்டரைத் திறந்தாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் லிஸ்ட் வந்தது. அதாவது பெட்டிகள் நலம், லைன் நலம், ஏற்பாடும் நலம். ஆனி ஃபோல்டரைத் திறந்தாள். வட்டம் சுற்றியது.

"ஆனிதான் மக்கர் பண்ணுது. ஆடி எங்க?" என்று அவள் தேட, நானும் தேட, ஆடி என்று ஒரு ஃபோல்டரே இல்லை.

மெல்லத் திரும்பினாள். "அண்ணாச்சி, இந்த மாசம் நீங்க மாடிக்கு வரலயே?"

"ஆடியில யாராவது புதுசா ஒண்ணத் தொறப்பாகளா தாயி? ஆவணி பொறக்கட்டும், ரெண்டாத் தொறந்துருவோம்" என்றார் அண்ணாச்சி, இதைக்கூட இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற தோரணையில்.

சீசனின் உச்சத்தில், நான்கு அருவியில் எடுத்த அத்தனை படமும், ஆனி ஒன்றாம் தேதியிலிருந்து ஒரே ஃபோல்டருக்குள் போய் அடைந்துகொண்டிருந்திருக்கிறது. லட்சக்கணக்கான பெயர், ஒவ்வொன்றுக்கும் தனி விசாரணை. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "ஆடித் தள்ளுபடியில சேல எடுக்கலாம், ஃபோல்டர் தொறக்கக் கூடாதோ?" என்று கேட்டுவிட்டேன்.

"சேல வேற, தொழில் வேற" என்றார். முகம் சுண்டிவிட்டது. அவருக்கும் வருஷத்துக்கு ஒரு சீசன்தான். ஸ்டாலில் நிற்கிற கூட்டம் அவர் காதில் இரைந்துகொண்டிருந்தது. "கூடிப்போச்சுன்னா ஒண்ணு செய்யி. நேத்து வரைக்கும் உள்ள எல்லாத்தையும் அழிச்சுரு. வாங்குதவன் வாங்கிட்டுப் போயிட்டான். இன்னைக்கு உள்ளது மட்டும் நின்னாப் போதும், மத்தியானக் கூட்டத்தப் பாக்கலாம்."

நேற்று வரைக்கும் உள்ளது. ஐந்தருவியும் அந்தச் சிரிப்பும் அதில்தான் இருந்தன. அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். பையன் அப்பாவைப் பார்த்தான். ஏட்டையா சுவரில் மாட்டியிருந்த யாரோ ஒரு கல்யாண ஜோடியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லிஸ்டு வரலன்னா படம் இல்லன்னு அர்த்தமில்ல அண்ணாச்சி" என்றாள் இலஞ்சிக்காரி. "எல்லாம் இருந்த எடத்துலதான் இருக்கு. நாமதான் ஒரே மூச்சுல எல்லாத்தையும் கேக்கோம். கொஞ்சம் பொறுங்க, நான் கேக்க வேண்டிய விதமா கேக்கேன்."

கேட்டாள். அழகான திரையை மூடிவிட்டு, கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தாள். அளவு வேண்டாம், தேதி வேண்டாம், வரிசையும் வேண்டாம், பெயரை மட்டும் வந்தபடி சொல் என்பது அந்த வரியின் பொருள். பெயர்கள் வர ஆரம்பித்தன. முதலில் விட்டு விட்டு, பிறகு நிற்காமல். இந்த வித்தை எனக்குத் தெரியாததல்ல. இரண்டு பேரும் ஒரே நாளில் படித்ததுதான். ஆனால் அண்ணாச்சி பக்கத்தில் நின்று பதற, போன் அடிக்க, ஒரு தாய் கண் கலங்கி நிற்க, அந்த நேரத்தில் அது அவளுக்குத்தான் ஞாபகம் வந்தது. எனக்கு வந்ததெல்லாம் குரங்குதான்.

ஐந்தருவி, நேற்றைய தேதி என்று சலித்தாள். எங்கள் ஏற்பாட்டில் படத்தின் பெயரே எந்த ஸ்டால், எந்த நாள், எந்த நேரம் என்று சொல்லும். அப்படியும் ஏகப்பட்ட பெயர் மிஞ்சியது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் ரயில் மதுரை தாண்டிவிடும்.

"எத்தன மணிக்கும்மா எடுத்தாங்க?"

"மணி யாருக்கு ஞாபகம் இருக்கு? எடுத்து முடிக்கல, போலீஸு விசில் ஊதிட்டாங்க."

"ஒடனே ஊதல" என்றது நாற்காலி. எல்லாரும் திரும்பினோம். "மொதல்ல தண்ணி செங்கலங்கலா வந்துச்சு. பொறவுதான் ஊதுனான். கொஞ்சம் லேட்டாத்தான் ஊதுனான், நானா இருந்தா முன்னயே ஊதியிருப்பேன்." சொல்லிவிட்டு மறுபடியும் கல்யாண ஜோடியைப் பார்க்கப் போய்விட்டார்.

இலஞ்சிக்காரியின் கண் மின்னியதை நான் பார்த்தேன். "விசில் ஊதுனா எல்லாரையும் கரையேத்திருவாங்கள்லா? அப்பம் நம்ம கேமராவும் கரையேறியிருக்கும். அந்த நேரத்துல படமே எடுத்திருக்க முடியாது. பேரு வரிசையில ஒரு ஓட்ட இருக்கணும்."

சலித்தெடுத்த பெயர்களை மட்டும் நேர வரிசையில் அடுக்கினாள். நிமிடத்துக்கு நாலைந்து படமாக நெருக்கியடித்து வந்த வரிசை, ஓரிடத்தில் வெட்டிவிட்ட மாதிரி நின்றது. அடுத்த பெயர் மத்தியானத்துக்கு மேல். எல்லாரும் லிஸ்டில் இருப்பதைத் தேடுவார்கள். இவள் இல்லாததைத் தேடிப் பிடித்தாள். இத்தனை வருஷம் கூடவே இருந்தும் எனக்குப் புல்லரித்தது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஓட்டைக்கு முன்னால் இருந்த கடைசிச் சில பெயர்களை எடுத்து, முழுப் பெயரைச் சொல்லி நேராகத் திறந்தாள். பெயர் தெரிந்தால் லிஸ்டின் தயவே தேவையில்லை, படம் இருக்கிற பெட்டிக்கு நேராகப் போய்விடலாம். முதல் படத்தில் யாரோ ஒரு கூட்டம். இரண்டாவதில் வெறும் முதுகுகள். மூன்றாவது திறந்ததும் அந்த அம்மா "ஆத்தாடி" என்றார்.

வெள்ளையாகத் தண்ணீர். அதன் ஓரத்தில் பையன், மனைவி, அம்மா. நடுவில் ஏட்டையா, முண்டா பனியன் உடம்போடு ஒட்டியிருக்க, பேத்தியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறார். குழந்தையின் காலில் சாரல் பட்டு அது காலை உதறுகிறது. அதைப் பார்த்து மனிதர் வாய் கொள்ளாமல் சிரிக்கிறார். கடைவாயில் ஒரு பல் இல்லாதது வரைக்கும் தெரிந்தது.

பையன் திரையின் அருகில் குனிந்து நின்றுகொண்டே இருந்தான்.

"தண்ணி மூக்குல ஏறிட்டு. அதான் வாயத் தொறந்தேன்" என்றார் ஏட்டையா.

பிரிண்ட் போடச் சொல்லிவிட்டு அவள் அண்ணாச்சியிடம் வந்தாள். நான் அவருக்குப் பகுத்தறிவுப் பாடம் எடுக்கத் தயாராக இருந்தேன். அவள் என்னை மறைத்துக்கொண்டு நின்றாள். "அண்ணாச்சி, ஆடியில நாம புது வீடு கட்ட வேண்டாம். இது ஆனி வீடுதான். ஆளு கூடிப்போச்சு, உள்ள தட்டி வச்சுத் தடுத்துக்கிடுவோம். நாளுக்கு ஒரு தடுப்பு, கடைக்கு ஒரு தடுப்பு. தட்டி வைக்கலாம்லா?"

அண்ணாச்சி யோசித்தார். நெற்றியைத் தடவினார். "தட்டி வைக்கலாம். புது வாசல் நெலதான் வைக்கக் கூடாது" என்றார், தீர்ப்புச் சொல்கிற மாதிரி. ஆனி ஃபோல்டருக்குள்ளேயே நாள்வாரியாகச் சின்ன ஃபோல்டர்கள் பிறந்தன. புதுப் படங்கள் அவற்றில் போய் விழ, பழையவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினோம். மத்தியானக் கூட்டம் வருவதற்குள் நான்கு ஸ்டாலிலும் லிஸ்ட் வந்துவிட்டது. ஒரு படம்கூட அழியவில்லை. அவர் நம்பிக்கையும் ஒரு கீறல் இல்லாமல் பத்திரமாக இருந்தது. எனக்கு இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யத் தெரியாது.

பிரிண்ட்டைப் பையன் ஒரு ஃபைலுக்குள் வைத்து, ஃபைலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். எங்கள் இருவருக்கும் கை கூப்பினான். அவன் அம்மா இலஞ்சிக்காரியின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். எல்லாரும் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஏட்டையா மட்டும் படியிலேயே நின்றார். செருப்பை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். பிறகு கடைக்குள் திரும்பி வந்து, யாரையும் பார்க்காமல், கேஸ் எழுதச் சொல்கிற குரலில் சொன்னார்:

"இன்னொண்ணு போடு தாயி. அவன் அதக் கொண்டுபோயிட்டாம்னா, எனக்கு இங்கன என்ன இருக்கும்?"

இலஞ்சிக்காரி மேசை டிராயரை இழுத்தாள். அதில் இரண்டாவது பிரிண்ட் ஏற்கெனவே காய்ந்து, கவருக்குள் தயாராக இருந்தது.

அவர் அதை வாங்கி, கவரைப் பிரித்து, மகன் நின்ற ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் போட்டுப் பட்டனையும் மாட்டிக்கொண்டு ஆட்டோவுக்குப் போனார்.